கப்பலுக்கு நம்பர் ஒட்டும் தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, கப்பலைச் செய்து, சாம்பல் பெயிண்ட் அடித்து, பீரங்கியெல்லாம் பொருத்தி முடித்த பிறகுதான் உங்களுக்கெல்லாம் எழுத்து ஞாபகம் வரும். அப்புறம் தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டீகால் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பிப்பீர்கள். நம் நாட்டுப் போர்க்கப்பலுக்கான டீகால் கோவில்பட்டியிலோ மதுரையிலோ கடையில் தொங்காது. வெளிநாட்டு கிட்டோடு வருவது அந்த நாட்டுக் கப்பலின் எழுத்து. இடைசெவலில் உட்கார்ந்து இந்தியக் கப்பல் செய்கிறாய் என்றால் பாதி எழுத்தைத் தேட வேண்டும், பாதியை நாமே உண்டாக்க வேண்டும். அதற்கு வேண்டியது முக்கால்வாசி நம் பக்கத்திலேயே இருக்கிறது. டிடிபி பார்க்கிற அக்கா இருக்கிறேன், ஸ்கிரீன் பிரிண்டிங் இருக்கிறது, ரேடியம் ஸ்டிக்கர் கடை இருக்கிறது. பார்சலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்காதே.

முதலில் எந்தக் கப்பல், எந்த வருஷத்துக் கப்பல் என்று முடிவு பண்ணு. குக்ரி என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நம்பர் தேடினால் மாட்டிக்கொள்வாய். 1971 டிசம்பர் 9-ஆம் தேதி டையூ பக்கம் டார்பிடோ பட்டு மூழ்கிய குக்ரியின் நம்பர் எஃப்149. அதே பெயரில் 1989-இல் கடற்படையில் சேர்ந்து 2021-இல் ஓய்வு பெற்ற குக்ரிக்கு பி49. முன்னது ஃபிரிகேட், பின்னது கார்வெட். விக்ராந்த் விஷயம் தலைகீழ்: 1961-இல் வந்த பழைய விக்ராந்துக்கும், 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கொச்சியில் சேர்ந்த புதிய விக்ராந்துக்கும் ஒரே ஆர்11. நம்பர் ஒன்றானாலும் கப்பல் வேறு, எழுத்தின் அளவு வேறு, ஒட்டும் இடம் வேறு. பழைய கப்பல் போட்டோவைப் பார்த்துப் புதுக் கப்பலுக்கு ஒட்டிவிடாதே. முதல் எழுத்து கப்பலின் ஜாதியைச் சொல்லிவிடும்: ஆர் என்றால் விமானம் தாங்கி, டி என்றால் டிஸ்ட்ராயர், எஃப் என்றால் ஃபிரிகேட், பி என்றால் கார்வெட், எஸ் என்றால் நீர்மூழ்கி.

இன்னொன்று. ஐஎன்எஸ் கட்டபொம்மனைச் செய்யப்போகிறேன் என்று நம் பக்கத்துப் பையன்கள் கிளம்புவதுண்டு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தப் பெயர் மனதில் வரத்தான் செய்யும். ஆனால் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடலில் போகிற கப்பல் இல்லையப்பா. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கிய கடற்படைத் தளம் அது; கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிற இடம். கரையில் இருக்கும் தளத்துக்கும் ஐஎன்எஸ் என்றே பெயர் வைப்பது கடற்படை வழக்கம். அதற்கு நம்பர் தேடி அலையாதே. ஊர்ப் பாசம் விடவில்லை என்றால் ஐஎன்எஸ் சென்னையைச் செய், டி65. 2016 நவம்பரில் சேர்ந்தது, 163 மீட்டர் நீளம். அல்லது நம் மலையின் பெயர் வைத்த நீலகிரியைச் செய்.

அடுத்தது அளவு. எழுத்து எத்தனை மீட்டர் உயரம் என்ற கணக்கே உனக்குத் தேவையில்லை. கப்பலை நேர் பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்று போதும். சாய்வாக எடுத்தது உதவாது, முன்பக்கம் பெரிதாகவும் பின்பக்கம் சின்னதாகவும் காட்டிப் பொய் சொல்லும். போட்டோவில் கப்பலின் முழு நீளத்தை அள, நம்பரின் உயரத்தையும் அள. போட்டோவில் கப்பல் 200 மி.மீ., நம்பர் 3 மி.மீ. என்று வைத்துக்கொள். ஐஎன்எஸ் சென்னை 1:350 அளவில் 466 மி.மீ. வரும். மூன்றை இருநூறால் வகுத்து 466-ஆல் பெருக்கினால் ஏழு மி.மீ. அவ்வளவுதான் உன் நம்பர். 1:700 அளவில் செய்தால் அதில் பாதி, மூன்றரை மி.மீ. இந்த மூன்றரைதான் எந்த வழியில் எழுத்து செய்யலாம் என்று தீர்மானிக்கப்போகிறது, அதனால் அளக்காமல் மேலே போகாதே.

அதே போட்டோவில் நிறத்தையும் பார்த்துக்கொள். எழுத்து வெள்ளையா கறுப்பா, பக்கத்தில் நிழல் விழுவது போல இன்னொரு நிறம் ஓடுகிறதா? அமெரிக்கக் கப்பல்களில் வெள்ளை எண்ணுக்குக் கறுப்பு நிழல் போட்டிருப்பார்கள். அவர்கள் டீகாலை அப்படியே எடுத்து நம் கப்பலில் ஒட்டினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

தேடிக் கிடைப்பதில் நல்லது, பழைய கிட்களில் மிச்சமான டீகால் ஷீட்கள். மாடல் செய்கிற யாரிடம் கேட்டாலும் ஒரு டப்பா நிறைய வைத்திருப்பார்கள். ஒரே ஒரு எண் மாறினால் போதும் என்கிற இடமும் உண்டு. விராட் 1987-இல் நம்மிடம் வருவதற்கு முன்னால் பிரிட்டனின் ஹெர்மீஸ். ஹெர்மீஸுக்கு ஆர்12, விராட்டுக்கு ஆர்22. ஹெர்மீஸ் ஷீட் இரண்டு கிடைத்தால் எண் 1-ஐ எடுத்துவிட்டு 2-ஐ ஒட்டிக் கதையை முடித்துவிடலாம். நீலகிரி, பிரிட்டனின் லியாண்டர் வகையைப் பார்த்து மும்பை மசகான் கட்டுமானத் தளத்தில் கட்டி 1972-இல் கடற்படையில் சேர்ந்த கப்பல். ஏர்ஃபிக்ஸ் 1:600 அளவில் லியாண்டர் கிட் போட்டிருக்கிறது. அதில் எஃப் உனக்கு உதவும். 109-ஐத் தூக்கிவிட்டு 33 போட வேண்டும். அமெரிக்காவின் மைக்ரோஸ்கேல் வெறும் எழுத்தும் எண்ணுமாகவே ஷீட் விற்கிறது. ரயில் மாடல்காரர்களுக்காகச் செய்தது என்பதால் கப்பல்காரர்கள் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு பழைய சரக்கு லெட்ராசெட். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அச்சகத்தில் தலைப்பு எழுத்துகளைத் தேய்த்து ஒட்டுவார்களே, அதுதான். பழைய ஸ்டேஷனரிக் கடையிலும் சிவகாசி ஆர்ட்டிஸ்ட்களின் மேஜை டிராயரிலும் இன்னும் கிடக்கலாம். 12 பாயின்ட் எழுத்து ஏறக்குறைய 3 மி.மீ. உயரம் வரும். வாங்கும் முன் ஓரத்தில் இருக்கும் வேண்டாத எழுத்து ஒன்றைத் தேய்த்துப் பார். வெடித்து நொறுங்கினால் வைத்துவிட்டு வந்துவிடு.

நாமே அடிப்பது என்றால் நம்பர் கறுப்பாக இருந்தால் வேலை சுலபம். லேசர் பிரிண்டருக்கான கிளியர் டீகால் பேப்பர் வாங்கி அடித்தால் போதும், டோனர் தண்ணீரில் கரையாது. இங்க்ஜெட் என்றால் அடித்த பிறகு கிளியர் லாக்கரை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை ஸ்பிரே பண்ணி, நன்றாகக் காயவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து மையாகக் கரைந்து ஓடிவிடும். இங்க்ஜெட் டீகால் பேப்பரைக் கடைக்காரரின் லேசர் மெஷினில் விட்டுவிடாதே. சூட்டில் படலம் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தக் கடைப் பக்கம் நீ தலைகாட்ட முடியாது.

வெள்ளை எழுத்துதான் எல்லோரையும் படுத்துகிறது. வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை டீகால் பேப்பரில் சுற்றிலும் சாம்பல் நிறத்தை அடித்து எழுத்தை மட்டும் விடலாம் என்பார்கள். அந்தச் சாம்பலும் உன் கப்பலின் சாம்பலும் ஒன்றுபோல வரவே வராது, நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெள்ளைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்தான் சரி. கல்யாணப் பத்திரிகையில் அடர்ந்த நிறத்து அட்டை மேல் வெள்ளையும் தங்கமும் பளிச்சென்று நிற்கிறதே, அது ஸ்கிரீனில் அடித்தது. அதே மையை டீகால் பேப்பரில் அடித்தால் உனக்கு வெள்ளை நம்பர் தயார்.

எப்படிக் கொண்டுபோவது என்று சொல்கிறேன். போட்டோவில் இருக்கும் எண்ணை கோரல் டிராவில் மேலேயே வரைந்து எடு. ஏரியல் இருக்கிறதே என்று டைப் அடித்துவிடாதே, கப்பலின் 6-க்கும் ஏரியலின் 6-க்கும் வயிறு வேறு. ஷீட்டில் இடம் விடாமல் ஒரே எண்ணைப் பல தடவை அடுக்கு. அதை லேசரில் பட்டர் பேப்பரில் கன்னங்கறுப்பாக அடித்தால் அதுதான் பாசிட்டிவ். நிழல் இருந்தால் வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று இரண்டு பாசிட்டிவ், மூலையில் பொருத்தக்குறியோடு. கடைக்காரரிடம், "அண்ணே, நைஸ் மெஷ்ல போடுங்க, எழுத்து மூணு மில்லிதான்" என்று முதலிலேயே சொல்லிவிடு. பை அடிக்கிற ஸ்கிரீனில் போட்டால் கண்ணி பெரிது, எழுத்தின் ஓரம் பல் பல்லாக வரும். ஒரு ஸ்கிரீன் போடுகிற கூலி ஒரு ஷீட்டுக்கும் அதேதான், இருபது ஷீட்டுக்கும் அதேதான். கூட்டாளிகளின் கப்பல் நம்பரையும் வாங்கிச் சேர்த்து அடித்துவிடு.

கப்பலின் பின்புறம் இருக்கும் பெயர் பெரும்பாலும் நாகரி எழுத்தில் இருக்கும். அதை டைப் அடித்து அனுப்பினால் பழைய கோரலில் கூட்டெழுத்து உடைந்து தனித்தனியாக நிற்கும். விக்ராந்தில் நடுவே வருகிற கூட்டெழுத்தை ஹிந்தி படித்த யாரிடமாவது காட்டிச் சரிபார்த்து, கர்வாக மாற்றிவிட்டு அனுப்பு.

பைக் நம்பர் பிளேட் ஒட்டும் ரேடியம் கடைக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆனால் அவர் வெட்டித் தரும் எழுத்தை அப்படியே கப்பலில் ஒட்டாதே. அந்த ஸ்டிக்கர் சுமார் 0.08 மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டாலும் 1:350 கப்பலில் அது 28 மி.மீ. கனத் தகடாகத் தெரியும். எழுத்தை உரித்துப் போட்டுவிட்டு, மிஞ்சும் ஓட்டையுள்ள ஸ்டிக்கரைக் கப்பலில் ஒட்டி மேலே பெயிண்ட் அடி. பெரிய அளவு மாடலுக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை. மூன்று நான்கு மி.மீ. எழுத்தை அந்த மெஷினின் கத்தி பிய்த்துவிடும், அதற்கு டீகால்தான்.

இனி ஒட்டுவது. நம் ஊர் போர் தண்ணீரைத் தொடாதே தம்பி. காய்ந்ததும் டீகாலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும், அடர்ந்த சாம்பலில் அது அப்படியே தெரியும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள். மேட் பெயிண்ட் மேலேயும் நேராக ஒட்டாதே. கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பில் காற்று தங்கி, டீகால் படலம் வெள்ளி பூசியது போல மின்னும். முதலில் கிளாஸ் கோட், அதன் மேல் டீகால், கடைசியில் மேட் கோட். டீகாலைப் பத்துப் பதினைந்து விநாடி தண்ணீரில் காட்டி எடுத்து டிஷ்யூ மேல் வை, தானாக நழுவும் வரை பொறு. நழுவுகிறதா என்று நகத்தால் தள்ளிப் பார்க்காதே. டீகாலைப் படிய வைக்கும் மைக்ரோ செட் திரவம் கிடைக்காவிட்டால் மளிகைக் கடை வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலந்து தடவலாம், ஓரளவு வேலை செய்யும். இந்த வெயிலில் எல்லாம் சட்டென்று காய்ந்துவிடும்; மதியம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒட்டாமல் காலையிலேயே முடித்துவிடு. கை பழக வேண்டும் என்றால் ஃபேன்சி ஸ்டோரில் நெயில் ஆர்ட்டுக்குத் தண்ணீரில் போட்டு ஒட்டுகிற ஸ்டிக்கர் விற்பார்கள், அதே முறைதான். தங்கச்சியிடம் கேட்டால் ஒரு ஷீட் தருவாள்.

ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாடிகள் பேயாய்ச் சுற்றும்போது வெளியில் ஸ்பிரே பண்ணாதே. கரிசல் புழுதி மொத்தமும் உன் கிளாஸ் கோட்டில்தான் வந்து உட்காரும். அதற்காக அடுப்பங்கரையில் வைத்தும் அடிக்காதே. லாக்கர் தீப்பிடிக்கும் சரக்கு.

நம் வெயிலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பழைய டீகால் ஷீட் மஞ்சளடித்துப் போயிருந்தால் ஜிப் கவரில் போட்டு, எழுத்துப் பக்கம் வெளியே பார்க்க, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிவிடு. சில நாளில் மஞ்சள் வெளிறும். ஒட்டும் முன் மூலையில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார். நொறுங்கினால் முழு ஷீட் மேலும் கிளியர் லாக்கர் ஒரு கோட் அடித்துவிட்டு எழுத்தை ஒட்டிய மாதிரி நெருக்கி வெட்டு.

முன்பக்கம் வளைந்து விரிகிற இடத்தில் நம்பர் கோணலாகத் தெரியும். கண்ணை நம்பாதே. மெல்லிய மாஸ்கிங் டேப்பை நீர்மட்டக் கோட்டுக்கு இணையாக ஒட்டி, அதன் மேல் எண்ணை உட்கார வை. மூழ்குமட்ட எண்களுக்கு மெனக்கெடாதே. நிஜத்தில் அவை 10 செ.மீ. உயரம், 1:350 அளவில் 0.3 மி.மீ. கூட வராது, யாரும் படிக்கப்போவதில்லை. 1:100 கப்பல் செய்யும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த நம்பரையும் கப்பலுக்கு இரண்டு பக்கம் என்று கணக்குப் போட்டு இரண்டோடு நிறுத்தாமல் ஆறாவது அடித்துக்கொள், ஒன்று மடங்கும், ஒன்று கிழியும். கோரல் ஃபைலை வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பிவிடு. சனிக்கிழமை முகூர்த்தப் பத்திரிகைக் கூட்டம், அன்றைக்கு வந்து நின்றால் தம்பி என்றும் பார்க்க மாட்டேன்.