புதுச் செடியை நம்பிய பட்டாம்பூச்சி

நம்பிக்கை: ஒரே செடியைத் தின்று வாழும் பூச்சி, அச்செடி அருகினால் தானும் அழிந்தே தீரும்.

உண்மை: பல இனங்களுக்கு அதுவே கதி, ஆயினும் பூச்சிகளின் சுபாவம் நாம் எண்ணுவதைவிட நெகிழ்வுடையது. நம் வேலிகளில் படரும் முடக்கற்றானின் காற்றடைத்த காயை அறியாதார் இலர். அந்த இனத்துக் கொடியொன்றின் விதையை, புளோரிடாவின் தென்பகுதியில் வாழும் ஒரு நாவாய்ப்பூச்சி, உப்பிய தோலுக்கு வெளியே நின்றபடியே நீண்ட அலகைச் செலுத்தி உறிஞ்சி வந்தது. ஆசியாவிலிருந்து அலங்காரத்துக்காகக் கொண்டுவந்த கோல்டன் ரெயின் மரத்தின் தட்டையான காய் அதற்கு ஆகாரமான சில பத்தாண்டுகளிலேயே, அம்மரத்தை அண்டிய கூட்டத்தின் அலகு குறுகிவிட்டதை, அருங்காட்சியகங்களில் சேமித்திருந்த பழைய பூச்சிகளையும் அளந்து பார்த்து ஸ்காட் கரோல் என்னும் விஞ்ஞானி நிறுவினார்.

நம்பிக்கை: அப்படியானால் கவலை எதற்கு? அன்னியச் செடியே பூச்சியைக் காப்பாற்றிவிடும்.

உண்மை: இந்த இரண்டாவது நம்பிக்கையே என்னை மிகவும் அஞ்சச் செய்கிறது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்துக் கார்சன் நகரையடுத்த ஒரு புல்வெளியில், எடித் செக்கர்ஸ்பாட் என்னும் பட்டாம்பூச்சி, காலின்சியா என்ற சிறு பூண்டில் முட்டையிட்டு வந்தது. கோடை முற்றுமுன்பே அப்பூண்டு காய்ந்துவிடுவதால் புழுக்களில் பெரும்பாலானவை பட்டினியால் மடியும். மாட்டுப் பண்ணைகளோடு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய பிளான்டாகோவோ, நம் மருந்துக் கடைகளில் விற்கும் இசப்கோல் உமியைத் தரும் செடிக்கு உறவு. கோடையிலும் பசுமை மாறாதது. அதில் பிறந்த புழுக்கள் பிழைத்தன. தாயின் விருப்பம் மகளுக்கும் இறங்கியது. 1980களிலிருந்து மைக்கேல் சிங்கரும் கமீல் பார்மசானும் கவனித்து வர, 2005ஆம் ஆண்டளவில் அக்கூட்டம் முழுவதுமே பழைய பூண்டைத் துறந்துவிட்டது.

பிறகு பண்ணைக்காரர்கள் மாடுகளை அகற்றினர். மேய்வாரற்ற புல் உயர்ந்து பிளான்டாகோவை மூட, வெயிலில் உடல் காய்ந்தாலன்றி வளரவியலாத புழுக்கள் நிழலின் குளிரில் மாண்டன. சில ஆண்டுகளுக்குள் அங்கே ஒரு பட்டாம்பூச்சியும் எஞ்சவில்லை. அவற்றின் முன்னோரைப் போஷித்த காலின்சியா அப்போதும் அதே வெளியில் பூத்துக்கொண்டுதான் இருந்தது; ஆனால் அதை நாடும் வழக்கம் அவ்வம்சத்திலிருந்தே மறைந்து போயிருந்தது.

சில ஆண்டுகள் கழித்து வேறிடத்திலிருந்து அதே இனத்துப் பட்டாம்பூச்சிகள் தாமாகவே அங்கு வந்து சேர்ந்தன. வந்தவை முட்டையிட்டது காலின்சியாவில்.