இவண் வரிசையில் ஒரு முகம்

அன்புத் தம்பிக்கு,

ஊர் ரசிகர் மன்றத்தின் செயலாளராகத் தம்பி பொறுப்பேற்றிருக்கும் இவ்வேளையில், புகழ் எங்கே உருவாகிறது, அதற்கான உழைப்பை யார் தருகிறார்கள், அதன் பலன் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பவற்றைச் சமூகவியல் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மன்றத்தில் சேர்ந்ததைக் குறைகூறுவது இக்கடிதத்தின் நோக்கமன்று.

ஒருவரிடம் பிறருக்கு இல்லாத ஆற்றல் இருக்கிறது என்று பின்பற்றுவோர் நம்பி ஏற்பதனால் பிறக்கும் செல்வாக்கை ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் தனி வகையாகப் பிரித்து ஆராய்ந்தார். தமிழில் இதனை வசீகர அதிகாரம் எனலாம். இந்த அதிகாரத்தின் வேர் அந்த மனிதரிடம் இல்லை, அவரை ஏற்றுக்கொண்டவர்களிடமே இருக்கிறது என்பதும், அந்த ஏற்பு தளர்ந்தால் அதிகாரமும் தளரும் என்பதும் அவர் கண்ட முடிவு. பின்னர் 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுபவர்களோடு பார்வையாளர் கொள்ளும் உறவை ஆராய்ந்து, அது நெருக்கமாகத் தோன்றினாலும் ஒருவழிப்பட்டது என்று விளக்கினர். நடிகருக்குப் பிடித்த உணவும் அவர் பிள்ளைகளின் பெயரும் ரசிகனுக்குத் தெரியும். ரசிகனின் பெயர்கூட நடிகருக்குத் தெரியாது.

இவ்வளவு ஒருதலையான உறவில் இத்தனை இளைஞர்கள் மனமுவந்து ஈடுபடுவது ஏன் என்பதற்கு அறியாமை என்று பதில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது பிழையான பதில். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு திரையரங்கே என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தரை டிக்கெட்டுக்கும் பெஞ்சு டிக்கெட்டுக்கும் இடையே காசு வேறுபாடு இருந்ததே தவிர, பிறப்பைக் கேட்டு வாசலில் நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்ததையும், சமவெளியில் கோயில் மரியாதை யாருக்கு முதலில் என்பதைக் குலமே தீர்மானித்துவந்ததையும் நினைத்தால், இப்பகுதி இளைஞனுக்கு அந்த இருட்டறை எவ்வளவு பெரிய திறப்பாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

பேருந்து நிலையச் சுவரில் ஒட்டப்படும் மன்றச் சுவரொட்டி ஒன்றைச் சற்று நின்று கவனித்தால் போதும். மேலே நாயகனின் முகம் ஆளுயரத்துக்கு நிற்க, அதன் கீழே தபால்தலை அளவில் பத்துப் பதினைந்து முகங்கள் வரிசையாக இருக்கும்; 'இவண்' என்ற சொல்லை அடுத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற பதவிகளோடு பெயர்கள் அச்சாகியிருக்கும். கொத்தனார் வேலைக்கோ கரும்பு வெட்டுக்கோ போகிற ஒருவனின் பெயர் வேறெந்த அழைப்பிதழிலும் அடைமொழியோடு வந்திருக்காது. நாயகனுக்கு எடுக்கும் விழாவில் தனக்கும் ஒரு விரற்கடை மரியாதையை அவன் ஈட்டிக்கொள்கிறான். அந்த ஆசையை இழிவாகப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தச் சுவரொட்டிக்கான பணம் அவனுடைய கூலியிலிருந்தே போயிருக்கிறது. படத்தின் வசூலில் அவனுக்குப் பங்கில்லை.

இம்மாவட்டத்துத் தேர்தல் வரலாறு வேபரின் கருத்துக்கு நேரடிச் சான்றாக இருக்கிறது. ரசிகர்கள் 'கேப்டன்' என்று அழைத்த நடிகர் விஜயகாந்த், மன்றங்களை அடித்தளமாகக் கொண்டு 2005 செப்டம்பரில் தே.மு.தி.க.வைத் தொடங்கினார். 2011இல் ரிஷிவந்தியத்தில் 30,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்று, கட்சிக்கு 29 இடங்கள் கிடைக்க, சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவரானார். 2016இல் பக்கத்துத் தொகுதியான உளுந்தூர்பேட்டையில் நின்றபோது மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு வைப்புத்தொகையையும் இழந்தார். 2011இல் அ.தி.மு.க. கூட்டணி உடனிருந்தது, 2016இல் இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் முகம் அதே முகம், திரைப்படங்களும் அதே திரைப்படங்கள். மக்கள் ரசிகர்களாகக் கைதட்டியதையும் வாக்காளர்களாகத் தீர்ப்பளித்ததையும் வெவ்வேறு கணக்கில் வைத்தார்கள்.

அவர் 2023 டிசம்பர் 28 அன்று மறைந்தபோது, வாக்களிக்காதவர்களும் சேர்ந்தே அழுதார்கள். அன்று திரைத் தொழிலாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது அவருடைய சண்டைக் காட்சிகளைப் பற்றியல்ல. படப்பிடிப்பில் நடிகருக்கும் விளக்குத் தூக்குபவருக்கும் ஒரே சாப்பாடு என்று அவர் வைத்த ஏற்பாட்டையும், நடிகர் சங்கத்தின் கடனை அடைக்க அவர் பட்ட பாட்டையும்தான். பலருக்கு முகம் தெரிந்திருப்பது பிரபலம். பயன் பெற்றவர்கள் தாமே முன்வந்து சொல்வது புகழ். தமிழில் இவை இரண்டும் வேறு வேறு சொற்களாக இருப்பது தற்செயலன்று.

இதே மாவட்டத்துத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களில் ஒருவனாக இன்றும் அறியப்படுவதற்குக் கபிலர் முதலான புலவர்களின் உழைப்பே காரணம். அக்காலத்திலும் புகழைச் செய்து கொடுத்தவர்கள் பிறரே. ஆனால் அந்த உறவு ஒருவழிப்பட்டதாக இல்லை. பொருளை அள்ளிக் கொடுப்பது எளிது, வந்தவரின் தகுதி அறிந்து கொடுப்பதே அரிது, ஆகவே புலவர்களை எல்லோரையும் போலப் பொதுவாகப் பார்ப்பதை விட்டுவிடு என்று கபிலர் காரியிடமே சொல்லும் பாடல் புறநானூற்றில் உள்ளது. பரிசில் பெறுகிறவன் தருகிறவனை நேர்நின்று திருத்தியிருக்கிறான். இன்றைய ரசிகன் தன் கைக்காசைச் செலவிட்டுப் புகழை உண்டாக்கியும், அந்த ஒரு சொல்லைச் சொல்லும் உரிமையைக் கேட்காமலே விட்டுவிட்டான். இழப்புகளிலெல்லாம் பெரிய இழப்பு இதுவே.

ஆகவே தம்பி மன்றத்தை விட்டு விலக வேண்டியதில்லை. மன்றத்துக்கு வசூலாகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கெழுதி உறுப்பினர் முன் படித்துக் காட்டுவதும், தலைமை மன்றம் சொல்வதில் தவறிருந்தால் தவறு என்று எழுதியனுப்புவதும், தேர்தல் நாளில் மன்ற அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போவதும் செயலாளரின் கடமைகள். அடுத்த படம் வெளியாகும் நாளில் கட்அவுட்டுக்கு என்று ஒதுக்கும் தொகையில் பாதியையேனும் வெள்ளிமலைப் பக்கத்து மலைக் கிராமப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களுக்குக் கொடுக்கத் தம்பி முன்மொழிய வேண்டும். அந்த நோட்டுகளின் அட்டையில் எவருடைய படமும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.