மலைப் பயணத் தின்பண்டம்: சுவையும் பதமும் அறிந்து விற்போம்

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கும், மாசி முதல் வெள்ளியங்கிரிக்கும், அமாவாசை பௌர்ணமிக்குச் சதுரகிரிக்கும் செல்வோர் நம் கடைகளுக்கு வந்து, "நடக்கும்போது சாப்பிட என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். சில இளைஞர்கள் 'எனர்ஜி பார்' இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். இல்லை என்று கைவிரிக்கத் தேவையில்லை. அந்த வேலையைச் செய்யும் கடலை மிட்டாய் நம்மிடமே உள்ளது. ஆனால் சரக்கின் தன்மை அறிந்து கொடுக்க வேண்டும். மலைமேல் பிரித்துப் பார்க்கும்போது சிக்கு வாடை அடித்தால், அந்த வாடிக்கையாளர் மறுபடி நம் படி ஏறமாட்டார்.

மேல்நாட்டில் நடந்தது

1986-ல் அமெரிக்காவில் பிரையன் மேக்ஸ்வெல் என்ற மாரத்தான் ஓட்டக்காரர் 'பவர்பார்' என்ற கட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நல்ல வியாபாரம் ஆயிற்று. 1990-ல் கேரி எரிக்சன் என்பவர் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் சைக்கிளில் சென்றபோது, வழியில் அதையே தின்று தின்று, பசி இருந்தும் இன்னொன்றை வாயில் வைக்க முடியாமல் போனது. வீட்டுச் சமையலறையில் வேறு பக்குவம் தேடி, 1992-ல் 'கிளிஃப் பார்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சத்து இருந்தால் மட்டும் சரக்கு ஓடாது; களைத்த வாய் அதை ஏற்க வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

கடலை மிட்டாயின் பலம்

நிலக்கடலையில் சுமார் கால் பங்கு புரதம், பாதியளவு எண்ணெய். வெல்லம் உடனே தெம்பு தரும். கடலை பசியை நெடுநேரம் தாங்கும். சாக்லேட் பூசிய கட்டி வெயிலில் பஸ்ஸிலேயே உருகிவிடும். மெல்லும் பதத்தில் உள்ள கட்டிகள் குளிரில் இறுகிவிடும். கடலை மிட்டாயோ மலை உச்சிக் குளிரிலும் அதே பதத்தில் உடையும். பொரி உருண்டை இலகுவானது. ஆனால் பைக்குள் நசுங்கித் தூளாகும்.

பதம் எங்கே கெடுகிறது?

பாகைச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு, இறுகியதை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலிக்க வேண்டும். அதற்கு முன் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், மிஞ்சினால் கசக்கும். நடந்து வாய் உலர்ந்தவருக்கு ஒட்டும் மிட்டாய் பெரும் தொல்லை.

நமக்குள்ள சங்கடம் இரண்டு பருவங்களிலும் உண்டு. சபரிமலைக் காலம் மழைக்காலம். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். வெள்ளியங்கிரிக் காலம் கோடைக்காலம். கடலை எண்ணெய் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் சிக்கு அடிக்கும். ஆகவே மழையில் காற்றுப் புகாத டின், கோடையில் நிழலான இடம், இரண்டிலும் குறைந்த இருப்பு என்பது விதி.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

1. ஒரு வில்லையை உடைத்துப் பாருங்கள். 'படக்'கென்று உடைய வேண்டும். வளைந்தால் பாகு முற்றவில்லை.

2. உடைந்த இடத்தில் கடலை ஒரே நிறமாக வறுபட்டிருக்க வேண்டும். தோல் அதிகம் இருந்தால் துவர்க்கும்.

3. முகர்ந்து, மென்று பாருங்கள். சுருங்கிய, கசக்கும் பருப்பு தென்பட்டால் வாங்காதீர்கள். பூஞ்சை பிடித்த கடலையின் நஞ்சு வறுத்தாலும் முழுவதும் அழியாது.

4. தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாத பாக்கெட்டை எடுக்காதீர்கள்.

5. கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. வேறு ஊர்ச் சரக்கை அப்பெயரில் விற்பது சட்டப்படி குற்றம்.

விற்பனையில் கவனிக்க வேண்டியவை

ஊதுபத்தி, சூடம், சோப்பு ஆகியவற்றின் பக்கத்தில் மிட்டாயை அடுக்காதீர்கள், வாசனை ஏறிவிடும். பழைய சரக்கு முன்னே, புதுச் சரக்கு பின்னே இருக்கட்டும்.

வாங்குபவரிடம் யாருக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பல் பலம் இல்லாத பெரியவருக்குப் பேரீச்சம்பழமோ எள்ளுருண்டையோ கொடுங்கள். வெல்லம்தானே என்று நீரிழிவுக்காரருக்குத் தைரியம் சொல்லி விற்காதீர்கள். பெரிய பலகையைவிட ஒரு வாய் அளவுச் சிறு வில்லை நடப்பவருக்கு ஏற்றது. தொடர்ந்த தித்திப்பு திகட்டும் என்பதால் கூடவே உப்புக்கடலை நூறு கிராம் வாங்கச் சொல்லலாம்.

வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வனத்துறையினர் பிளாஸ்டிக் பொருள்களைச் சோதித்தே அனுப்புகிறார்கள். கிளம்பும் நாளில் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மலையும் சுத்தமாக இருக்கும், மிட்டாயும் நொறுங்காது.

லாபம் ஒரு வில்லைக்குச் சில காசுகள்தான். ஆனால் குழுவாகச் செல்பவர்களில் ஒருவர் திருப்தியாகத் தின்றால், அடுத்த ஆண்டு அந்தக் குழுவே நம் கடையைத் தேடி வரும். சீசனுக்கு முன்பே ஒரு டின் தருவித்து, நீங்களே உடைத்துத் தின்று பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.