தொழில்நுட்பக் கல்லூரி: யாருக்காக, யார் பொறுப்பில்?

ஓ.எல். பெறுபேறு வந்ததும் நம்ம லயங்களில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணக்குப் பாடம் போய்விட்டால் "பிள்ளை பெயில்" என்று முடிவு கட்டி, ஒரு மாதத்துக்குள் கொழும்புக்குக் கடை வேலைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பிவிடுகிறோம். இன்னொரு வழியும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

அரச தொழில்நுட்பக் கல்லூரி புதிய விஷயம் இல்லை. கொழும்பு மருதானையில் 1893 இலேயே அரச தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கியாயிற்று. ஆனால் 1948 இல் பிரசாவுரிமை பறிபோய், தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நம்ம தாத்தாமாருக்கு அது எட்டாத தூரம். இன்று அந்தத் தடை இல்லை. தகவல்தான் பெரட்டுக் களம் வரைக்கும் வந்து சேர்வதில்லை.

இந்தக் கல்லூரிகளை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி, பயிற்சித் திணைக்களம். மாகாணத்துக்கு ஒன்றாகப் பெரிய தொழில்நுட்பவியல் கல்லூரிகள் 9 உண்டு. நம்ம மத்திய மாகாணத்துக்கு அது கண்டியில். இவை போக, 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழிற்பயிற்சி அதிகாரசபையும், வேலைத் தலத்திலேயே பயிலுநராகச் சேர்த்துவிடும் நைட்டாவும் இருக்கின்றன.

இவர்கள் எல்லோருக்கும் மேலே தரம் பார்ப்பது மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி வந்தது. கொழுந்தை அரைக்கிறவர் ஒருத்தர், தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்கிறவர் வேறொருத்தர் அல்லவா? அதே மாதிரிதான். பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்வதும், பாடநெறிகளுக்குத் தர அங்கீகாரம் கொடுப்பதும் ஆணைக்குழுவின் வேலை.

இது ஏன் முக்கியம் என்றால், நாங்கள் அறிந்த ஒரு தம்பி, தாயின் சீட்டுக் காசைக் கட்டி டவுனில் ஒரு தனியார் இடத்தில் எலக்ட்ரீசியன் படிப்புப் படித்தார். கையில் பளபளப்பான சான்றிதழ். வேலைக்குப் போன இடத்தில் "என்.வி.கியூ. இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அது இல்லை. படித்த இடம் பதிவே இல்லாதது. ஆகவே காசு கட்டுவதற்கு முன் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். இடம் பதிவாகியிருந்தாலும் அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

என்.வி.கியூ. என்பது தேசிய தொழிற் தகைமை. மொத்தம் 7 மட்டம். 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். பட்டம் வரை ஏறுவதற்காகவே 2008 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில்நுட்பத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகமும் வந்தது. ஆக, ஓ.எல்.லில் தடுக்கிய பிள்ளையும் படிப்படியாக மேலே போகலாம்.

பெரியவர்களுக்கும் இதில் இடம் உண்டு. ஸ்டோரில் 20 வருஷம் மெஷின் பார்த்தவர், கட்டட வேலை செய்யும் மேசன், லொறி திருத்துகிறவர் எல்லாரும் கல்லூரி வாசலை மிதிக்காமலே, முன் அனுபவத்தைக் காட்டி இதே தகைமையைப் பெறலாம். வாய்மொழியாகக் கேட்பார்கள், வேலையைச் செய்துகாட்டச் சொல்வார்கள். சேவைக் கடிதம் கைவசம் இருப்பது நல்லது. கேட்டு வாங்கி வையுங்கள்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நம்ம பக்கத்தில் எல்லாப் பாடநெறியும் தமிழில் நடப்பதில்லை. விண்ணப்பிக்கும்போதே மொழி எது என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளை இரண்டாம் கிழமையே திரும்பி வந்துவிடும். தமிழில் வேண்டும் என்று பல பிள்ளைகள் சேர்ந்து எழுத்தில் கேட்டால், அதிபருக்கும் மேலிடத்தில் பேச ஒரு பிடி கிடைக்கும். அந்தக் கடிதத்தை எழுத எங்கள் காரியாலயத்துக்கு வாருங்கள். வரும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள் மூன்றையும் கொண்டு வாருங்கள். பெயர் எழுத்து மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.