வருஷா வருஷம் ஊசி எதுக்கு?



சென்ற மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "எங்க மாமியாருக்கு ஆஸ்துமா. போன வருஷம்தான் ஃப்ளூ ஊசி போட்டோம். இந்த வருஷமும் போடணும்னு டாக்டர் சொல்றாரு. தட்டம்மைக்கு சின்ன வயசுல போட்டா போதுமே, இது மட்டும் ஏன்?" எங்களுக்கு உடனே பதில் தெரியவில்லை. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

ஃப்ளூ காய்ச்சலைத் தருவது ஒரு வைரஸ் கிருமி. அதன் மேலெல்லாம் முள் முள்ளாகப் புரதம் இருக்கும். அந்த முள்ளை வைத்துத்தான் நம் உடம்பு கிருமியை அடையாளம் காணும். முள்ளின் தலைப்பகுதி அடிக்கடி மாறிவிடும். காம்புப் பகுதி அவ்வளவாக மாறாது. தலை மாறினால் பழைய ஊசி சரியாகப் பலிக்காது. அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை கூடி, ஊசியில் எந்தக் கிருமி வகைகளைச் சேர்க்கலாம் என்று சொல்கிறது.

இதை மாற்ற அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் அந்நாட்டு அரசின் தடுப்பூசி ஆய்வு மையமும் சேர்ந்து ஒரு ஊசி தயாரித்துள்ளன. புரதத்தாலேயே கண்ணுக்குத் தெரியாத சின்னப் பந்து செய்தார்கள். அதற்கு நானோ துகள் என்று பெயர். நாலு வகை ஃப்ளூ கிருமியின் முள்ளையும் அதன்மேல் கலந்து பதித்தார்கள். நாம் கட்டும் கதம்பம் மாதிரி! இதில் முழுக் கிருமி இல்லை, அதனால் இதிலிருந்து ஃப்ளூ வராது. இதைப் போட்டால் மாறாத காம்பையும் உடம்பு அடையாளம் கண்டுகொள்கிறது. 2021இல் வெளியான ஆய்வில், ஊசியில் சேர்க்காத பறவைக் காய்ச்சல் கிருமியிலிருந்தும் எலிகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அதே ஆண்டு மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனை தொடங்கியது.

ஆனால் இது இன்னும் விற்பனைக்கு வரவில்லை. "ஒரே ஊசி, ஆயுசுக்கும் ஃப்ளூ வராது" என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது:

* கர்ப்பிணிகள், வயதானவர்கள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஃப்ளூ கடுமையாகலாம். ஆண்டு ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.
* இவர்களுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் கூலி போகுதே என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன்.
* மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

குழுவில் பேசுங்கள்: நம் குழு வீடுகளில் இப்படிப்பட்டவர்கள் யார் யார்? ராத்திரியில் அவர்களுக்கு முடியாமல் போனால் துணைக்குப் போவது யார்?