குற்றாலச் சாரலில் ஜெரேனியம்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாசனை எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் ஜெரேனியத்தைத் தென்காசித் தோட்டத்தில் ஏக்கர் கணக்கில் நட எண்ணியிருக்கிறீர்களா? வேண்டாம். இது 1,000 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த மலைச்சரிவுக்கு உரிய பயிர். குற்றாலத்தின் உயரமோ 200 மீட்டரைக்கூட எட்டாது. அருவி நீர் குளிர்வதால் வயல் குளிர்ந்துவிடாது!

தாவர நூலில் இதன் பெயர் பெலார்கோனியம், தாயகம் தென்னாப்பிரிக்கா. குளிர்நாடுகளில் உறைபனியையும் தாங்கும் உண்மையான ஜெரேனியம் இதன் உறவுச் செடி; இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கத் தடையில்லை. மழை ஓய்ந்த தை மாதத்தில் 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ள நுனித்தண்டுகளைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் மணற்பாங்கான மண்ணில் ஊன்றுங்கள். சுமார் இரண்டு மாதங்களில் வேர் பிடிக்கும். பிறகு செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவில் கலந்த தொட்டிக்கு மாற்றுங்கள். அடித்துளை அடையாதவாறு ஓட்டுச்சில்லு வையுங்கள்.

கோடையில் பிற்பகல் வெயில் படாமல் காத்தால் போதும். உண்மையான சோதனை சாரல் காலத்தில்தான். தூறல்தானே என்று விட்டுவிடுவோம். ஆனால் நாட்கணக்கில் மண் காயாமல் வேர் அழுகும். இலை வாடுவதைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவது கேட்டை விரைவுபடுத்தும். ஆனியிலேயே தொட்டியை வெளிச்சமுள்ள தாழ்வாரத்துக்கு மாற்றி, மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுங்கள். எதற்கும் ஆண்டுதோறும் நான்கு தண்டுகளைப் புதிதாக ஊன்றி வையுங்கள்.

வாசனை எண்ணெய்தான் நோக்கமெனில் சமவெளிக்கு எலுமிச்சைப்புல் ஏற்றது. அதற்கும் எண்ணெய் வடிக்கும் கொதிகலன் அருகில் உண்டா என்று விசாரித்த பின்னரே நடவில் இறங்குங்கள்.