கை நடுக்கம் பரம்பரை வியாதியா?



சென்ற மாதம் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்ததும் ஒரு உறுப்பினர் கண் கலங்கினார். "எங்க வீட்டுக்காரருக்கு 62 வயசு. கை நடுங்குது. பார்க்கின்சன் நோய்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொண்ணுக்குப் பேசி வச்ச சம்பந்தம் நின்னுடும் போல இருக்கு. அப்பனுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும்னு சொல்றாங்க. நெஜமா மேடம்?" என்று கேட்டார்.

இந்தப் பயம் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

இது என்ன நோய்?

இதை நடுக்குவாதம் என்றும் சொல்வார்கள். 1817ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் நடுக்கம், உடம்பு விறைப்பு, நடையில் தளர்ச்சி வருகின்றன. இது தொற்றுநோய் அல்ல. செய்வினையும் அல்ல.

பரம்பரையின் பங்கு எவ்வளவு?

இந்த நோய் உள்ள 100 பேரில் சுமார் 10 முதல் 15 பேருக்குத்தான் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடலாம். ஆனால் பொதுவாகவே 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. அது மூன்று மடங்கு ஆனாலும் 100ல் 90 பேருக்கு மேல் வராது.

சில குடும்பங்களில் மட்டும் நேராக இறங்கும். இத்தாலியில் கொன்துர்சி என்ற ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பல தலைமுறையாக இது இருந்தது. அவர்களை ஆராய்ந்துதான் 1997ல் இந்த நோய்க்கான முதல் மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். இது மிக அபூர்வம்.

1998ல் ஜப்பானில் 'பார்க்கின்' என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இது பழுதானால் 40 வயதுக்குள்ளேயே நோய் வரலாம். நம் நாட்டிலும் இளம் வயது நோயாளிகள் சிலரிடம் இந்தப் பழுது இருக்கிறது. மரபணு ஒவ்வொன்றும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும். உறுப்பினர் பாஸ்புக்கில் தப்பு இருந்தாலும் குழு லெட்ஜர் சரியாக இருந்தால் நாம் சமாளித்துக்கொள்கிறோம் அல்லவா? அதுபோல ஒரு பிரதி நல்லதாக இருந்தால் பெரும்பாலும் நோய் வராது. இரண்டும் பழுதானால்தான் சிக்கல். மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே பழுது சேர வாய்ப்பு அதிகம்.

வேறு காரணங்கள்

வயதுதான் பெரிய காரணம். பாராகுவாட் போன்ற களைக்கொல்லி, பூச்சிமருந்துகளுக்கும் இதோடு தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. மருந்து அடிக்கும்போது முகத்தையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள். காலி டப்பாவை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

- எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. தைராய்டு கோளாறு, சில மாத்திரைகள்கூட நடுக்கம் தரும். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பெரிய பரிசோதனைக்கு சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது.
- லெவோடோபா மாத்திரை நோயைக் கட்டுப்படுத்தும், முழுசாகப் போக்காது. டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.
- வயதான பிறகு வந்த நோய்க்காக, கடன் வாங்கிப் பிள்ளைகளுக்கு மரபணு சோதனை செய்ய அவசியமில்லை. 40 வயதுக்குள் வந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ டாக்டரிடம் ஆலோசனை கேளுங்கள்.

அந்த உறுப்பினருக்கும் இதைத்தான் சொன்னோம். குழுத் தலைவியும் ஊக்குநரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசுவதாக ஒத்துக்கொண்டார்கள்.

குழுவில் பேசுவோம்

1. நம் ஊரில் நடுக்கத்தை மறைத்து வீட்டிலேயே இருப்பவர்கள் உண்டா?
2. நோயைக் காட்டிச் சம்பந்தத்தை நிறுத்தினால் குழுவாக நாம் என்ன செய்யலாம்?